பிரஸ் நின்ற பத்து நிமிடம்

அந்தத் தெருவில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கிட்டே போய்த் தோளைத் தொடுவார்கள். எட்ட இருந்தால் கையை ஆட்டுவார்கள். அதற்கும் திரும்பாவிட்டால் ஒரு சின்னக் கல்லை எடுத்துக் காலடியில் உருட்டிவிடுவார்கள். தபால்காரர் கதவைத் தட்டித் தட்டி அலுத்துப்போய், ஜன்னல் கம்பிக்குள் கடிதத்தைச் செருகிவிட்டுப் போகப் பழகியிருந்தார். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் மாதம் கத்திப் பேசித் தொண்டையைக் கட்டிக்கொள்வார்கள். இரண்டாம் மாதத்தில் அவர்களும் கைப்பாஷைக்கு வந்துவிடுவார்கள்.

காரணம், தெருவின் ஒரு பக்கம் முழுக்க நீண்டு கிடந்த பிரஸ் பட்டறை. அங்கே எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு மூடி அடித்தார்கள். சுருளாக வருகிற இரும்புத் தகட்டை விரித்து, வட்டமாக வெட்டி, விளிம்பை மடித்து, வெளியே தள்ளுகிற வேலை. மொத்தம் ஐந்து பிரஸ்கள். அதில் பெரியதற்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் மாமனார். வீட்டில் யார் பேச ஆரம்பித்தாலும் நடுவில் புகுந்து ஒரு சத்தம் போட்டு அடக்கிவிடுகிறவர் என்பதால். மாமனார் நிமிடத்துக்குப் பதினெட்டு முறை இறங்குவார். ஒவ்வொரு தடவையும் எதிர்வரிசை வீடுகளின் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இரண்டு ஷிஃப்ட் முடிந்து படுக்கப்போகும் நேரம்தான் ஓய்வார். அப்போதும் கம்ப்ரஸர் ஓயாது, பல்லைக் கடித்துக்கொண்டு முனகிக்கொண்டே இருக்கும். வாரத்தில் ஒருநாள் பிரஸ்களுக்கு விடுமுறை. அன்றைக்குப் பழுது பார்ப்பார்கள். அது கிரைண்டர் நாள், இன்னும் மோசம்.

மதிலுக்கு நேர் எதிர்வீட்டில் இருந்தவளைத் தெருவில் காஜாக்கா என்பார்கள். தையல் கம்பெனியிலிருந்து சட்டைகள் கட்டுக்கட்டாக வரும். காஜா எடுத்து, பட்டன் வைத்து, மடித்து அனுப்ப வேண்டும். கல்யாணமான புதிதில் அவளும் பட்டறையில்தான் வேலை பார்த்தாள். மூடிகளை எண்ணி அடுக்குகிற பேக்கிங் பகுதியில். ஏழாம் மாதம் வயிறு தடுத்தபோதுதான் நின்றாள். அவள் புருஷன் மாமனாரை ஓட்டுகிறவன். பதினோரு வருஷமாக அந்த ஒரே பிரஸ். வீட்டுக்கு வந்தாலும் பட்டறையில் பேசுகிற குரலில்தான் பேசுவான். அவன் கோபமாக இருக்கிறானா, தண்ணீர் கேட்கிறானா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே மகள். அவளைப்போல் ஒரு சமத்துக் குழந்தையைத் தெரு கண்டதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். தொட்டிலுக்கு முப்பது அடி தள்ளி மாமனார் தரையை இடித்துக்கொண்டிருக்க, அது வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கும். பார்க்க வருகிறவர்கள் வியந்துபோவார்கள். அவள் புருஷனுக்கு அதில் ஒரே பெருமை. பிரஸ்காரன் மகள், இடியே விழுந்தாலும் அசையாது என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். தவழ ஆரம்பித்த பிறகு இன்னொரு அதிசயம். தரையில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, மாமனார் இறங்குகிற தாளத்துக்குச் சரியாகத் தலையை ஆட்டும். தாளம் பிசகாது. பாட்டுக்காரியாக வருவாள் என்றாள் மாடி வீட்டு டீச்சர். எட்டு மாதத்தில் பா, பா என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் அதையும் விட்டுவிட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தெருவில் பேச்சு குறைந்தவர்களைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

இரண்டு வயது தாண்டியும் ஒரு சொல் வரவில்லை. அந்தச் சமயத்தில் காஜாக்காவின் கூடப்பிறந்த அக்கா இரண்டு நாள் தங்கிப்போக வந்தாள். முதல் நாள் முழுக்கக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், சோறு பரிமாறும்போது, தங்கையின் முழங்கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, காதருகே வாயை வைத்துச் சொன்னாள்.

“புள்ளை ஏன் பேசலன்னு கேக்கிறியே, இந்த வீட்டுல பேச்சு எங்கடி இருக்கு? நீங்க ரெண்டு பேரும் கையாலயும் கண்ணாலயும் குடும்பம் நடத்துறீங்க. அது யாரு வாயைப் பாத்துக் கத்துக்கும்? ஒரு சொல்லு அது காதுல முழுசா விழுந்திருக்குமா?”

அக்கா போன பிறகு அந்தச் சொல் மட்டும் போகவில்லை. காஜா எடுக்கும்போதெல்லாம் ஊசியோடு ஊசியாக அதுவும் குத்திக்கொண்டிருந்தது. சத்தம்தான் குழந்தையின் பேச்சைத் தின்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். சத்தம் நின்றால் குழந்தை பேசும். அது அவளுக்கு ஒரு கணக்குப்போல அவ்வளவு தெளிவாக இருந்தது.

இரண்டு பஸ் மாறிச் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா சலித்துக்கொள்ளாதவர். சும்மா சத்தம் என்று எழுதினால் பெட்டியில் போட்டுவிடுவார்கள், எந்தச் சத்தம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று இரண்டு மாதம் குறித்துக்கொண்டு வாருங்கள், தெருவில் நாலு பேரிடமாவது கையெழுத்து வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவள் ஒரு நோட்டை வாங்கித் தையல் மேஜைமேல் வைத்தாள். ஆறு பத்து, பெரிய பிரஸ் ஆரம்பம். ஒன்பது நாற்பது, லாரியிலிருந்து தகடு இறக்கினார்கள், வாசல் கதவு அதிர்ந்தது. பன்னிரண்டு ஐந்து, கிரைண்டர், முக்கால் மணி நேரம். இரண்டு மாதத்தில் நோட்டின் பாதி நிறைந்துவிட்டது.

நோட்டு நிறைந்த அளவுக்குக் கையெழுத்து சேரவில்லை. இருபத்தெட்டு வீட்டில் பத்தொன்பது வீடு பட்டறையை நம்பி இருந்தது. சோறு போடுகிற கையைக் கடிக்கச் சொல்கிறாயா என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். கடைசியில் மாடி வீட்டு டீச்சர், வாட்ச் ரிப்பேர்காரர், இரவெல்லாம் ஒரு கிடங்கைக் காத்துவிட்டுப் பகலில் தூக்கம் வராமல் புரளுகிற காவலாளி என்று மூன்று பேர் சேர்ந்தார்கள். நாலாவது கையெழுத்தை அவளே போட்டு, அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

புருஷனிடம் சொல்லவில்லை. சொல்லாதது எத்தனை நாள் மறையும்? ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல், அவள் முன்னால் வந்து நின்றான்.

“உன் கையெழுத்தைப் பாத்தேன். மனுவோட நகல் சூப்பர்வைசர் மேஜையில இருக்கு. இது யார் கையெழுத்துன்னு தெரியுதான்னு என்னையே கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது? என் பொண்டாட்டி கையெழுத்து அழகா இருக்கும்னு சொன்னேன்.” அவன் கட்டிலில் உட்கார்ந்தான். “அங்க எல்லாரும் என்னைப் பாக்கிற பார்வை வேற மாதிரி ஆயிடுச்சு. மூடிடுவாங்கன்னு பயப்படுறாங்க. நாளைக்கு மூடிட்டா அத்தனை பேர் வயித்தெரிச்சலும் யார் தலையில?”

“மூடச் சொல்லலைங்க. குறைக்கத்தான் சொல்றோம். பாப்பா பேசணும்.”

“பேசும். எங்க அண்ணன் மகன் மூணு வயசுலதான் வாயைத் தொறந்தான். இப்ப மூட வைக்க முடியல.”

“அவங்க வீட்டுக்கு எதுத்தாப்புல மாமனார் இல்லை.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். அதற்குமேல் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பட்டறையில் அவனோடு டீ குடிக்க வருகிறவர்கள் குறைந்துபோனதையும் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது வேறு ஒருத்தி வழியாகத் தெரியவந்தது.

ஏழு மாதம் கழித்து, ஒரு வெயில் நாளில், பத்தரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், அலுவலகத்திலிருந்து சத்தம் அளக்கிற மீட்டர்காரர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், நடுவயது, சட்டைப்பையில் மூன்று பேனா. முக்காலியைப் பிரித்து அவள் வீட்டு வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே நிறுத்தினார். அதன் உச்சியில் கருவியை வைத்தார். டார்ச் விளக்கு மாதிரி இருந்தது. அதன் மூக்கில் கறுப்பாக ஒரு நுரைப்பந்து. அதைக் கழற்றிவிட்டு ஒரு சின்னக் குப்பியை மாட்டி, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்தார். பந்தை மறுபடி மாட்டினார். சுவரிலிருந்து எத்தனை தூரம், தரையிலிருந்து எத்தனை உயரம் என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டார். மாடியிலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தாள். காவலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார். பட்டறை வாசலில் சூப்பர்வைசர் கைகட்டி நின்றார்.

முதல் அளவு அரைமணி நேரம். கருவியில் எண்கள் குதித்துக்கொண்டே இருந்தன. மாமனார் இறங்கும்போதெல்லாம் எண்பது டெசிபலைத் தாண்டின. அது முடிந்ததும் மீட்டர்காரர் அவளிடம் வந்து, காதருகே குனிந்து, இனிமேல்தான் முக்கியமான வேலை என்றார். ஓடும்போது ஒரு அளவு எடுத்தாயிற்று, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இன்னொன்று எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இது ரோட்டுச் சத்தம், பட்டறைச் சத்தம் இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள் என்று விளக்கினார். பத்து நிமிடம். கம்ப்ரஸரும் சேர்த்து. அந்தப் பத்து நிமிடமும் யாரும் பேசக் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது. அவள் தலையாட்டினாள்.

அவர் சூப்பர்வைசரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். சூப்பர்வைசர் உள்ளே பார்த்துக் கையைத் தூக்கினார். சின்ன பிரஸ்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மாமனார் கடைசியாக ஒருமுறை இறங்கி, அப்படியே நின்றுவிட்டார். கம்ப்ரஸர் பெருமூச்சு விட்டு ஓய்ந்தது.

தெருவில் அப்படி ஒரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை. முதலில் காதுக்குள் ஏதோ ஊதிக்கொண்டிருந்தது. அது அடங்க, மற்றவை ஒவ்வொன்றாக மேலே வந்தன. குழாயில் சொட்டுகிற தண்ணீர். டீச்சர் வீட்டுக் கடிகாரம். காவலாளியின் மூச்சில் இருந்த இழுப்பு. எங்கோ ஒரு சைக்கிள் சங்கிலி. தன் வளையல் இவ்வளவு சத்தம் போடும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலை இல்லாததால் தொழிலாளர்கள் பட்டறை வாசலுக்கு வந்து கும்பலாக நின்றார்கள். அவர்களில் அவள் புருஷனும் இருந்தான்.

குழந்தை வீட்டு வாசற்படிக்கு உள்ளே, முதுகைக் காட்டி உட்கார்ந்து, பட்டன்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. மாமனார் நின்றதும் அது கையைத் தரையில் வைத்துப் பார்த்தது. சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி பட்டன்களுக்குத் திரும்பியது.

பேசக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இத்தனை மாதமாக அவள் ஏங்கியது இந்த ஒரு நிசப்தத்துக்குத்தான். தன் குரல் முழுசாக, உடையாமல், குழந்தையின் காதுக்குப் போக வேண்டும் என்பதற்குத்தான். நாலடி தூரத்திலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள்.

“பாப்பா.”

மீட்டர்காரர் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். குழந்தை ஒரு சிவப்புப் பட்டனை எடுத்து வெள்ளைப் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்தது.

“பாப்பா, இங்க பாரு.”

இன்னொரு பட்டன். அவள் இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். அப்புறம் இன்னும் உரக்க. மீட்டர்காரர் கையை ஆட்டித் தடுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்துவந்தாள். குழந்தைக்குப் பின்னால், எட்ட நின்று, அதைத் தலைக்குமேல் தூக்கி, வெளிவாசல் கல்லில் விட்டெறிந்தாள்.

தட்டு விழுந்து, எகிறி, மறுபடி விழுந்து, சுழன்று சுழன்று அடங்கியது. மதில்மேல் இருந்த காக்கைகள் கிளம்பின. மீட்டர்காரர் துள்ளித் திரும்பினார். டீச்சர், காவலாளி, சூப்பர்வைசர், வாசலில் நின்ற அத்தனை தொழிலாளர்கள், எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பாத தலை ஒன்றே ஒன்றுதான்.

அவள் புருஷன் கும்பலை விலக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தான். குழந்தைக்குப் பின்னால் குனிந்து, அதன் இரண்டு காதுக்கும் பக்கத்தில் கையைத் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. கையின் காற்று பட்டதோ என்னவோ, மூன்றாவது தட்டுக்குக் குழந்தை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தது.

பத்து நிமிடம் ஆனதாக நினைத்து உள்ளே யாரோ சுவிட்சைப் போட்டார்கள். மாமனார் இறங்கினார். குழந்தையின் முகம் மலர்ந்தது. உள்ளங்கையைத் தரையில் பதித்து, தாளம் தவறாமல் தலையை ஆட்ட ஆரம்பித்தது. புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அது கேட்கிற தாளம் இல்லை, தொடுகிற தாளம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மீட்டர்காரர் அன்று மறுபடி இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி, மறுபடி பத்து நிமிடம் அளந்தார். அவருக்கு வேறு வழியில்லை. போகும்போது ஒரு காகிதத்தில் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதி அவள் கையில் கொடுத்தார். தன் கருவிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற அறை, அறைக்குள் அறையாக இருந்தது. கனமான கதவு, சுவரெல்லாம் நுரை. அவன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தான். காஜாக்கா வெளியே, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனை செய்கிற பெண் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினாள். ஒரு ஒலிக்கும் குழந்தை திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் குழந்தையை விட்டுவிட்டு அவனைக் கவனிப்பது காஜாக்காவுக்குத் தெரிந்தது. வெளியே வந்ததும் அந்தப் பெண் தயக்கத்தோடு, கீச்சென்று வருகிற ஒலி எதற்கும் அப்பாவும் திரும்பவில்லை, அவரையும் ஒருமுறை பார்த்துவிடலாமா என்றாள். அவன் வேண்டாம் என்றான். எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னான்.

டாக்டர் அம்மா நிதானமாகப் பேசினாள். பிறவியிலேயே இப்படி என்றாள். பிறந்தபோது கொடுத்த சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். காது சோதனை என்ற கட்டம் காலியாக இருந்தது. அன்றைக்கு அங்கே கருவி பழுது என்று சொன்னதாகக் காஜாக்காவுக்கு லேசாக நினைவு.

“சத்தத்தாலயா டாக்டர்? நான் ஏழு மாசம் வரைக்கும் அந்த பிரஸ்ஸுக்குப் பக்கத்துலதான் நின்னு வேலை செஞ்சேன்.”

“அதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. பல காரணம் இருக்கலாம்.”

“அப்ப சத்தம் ஒண்ணும் பண்ணலையா?”

டாக்டர் அம்மா சீட்டை மடித்தாள். “சத்தம் இல்லாத வீடா இருந்திருந்தா, ஆறு மாசத்துலயே நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. அப்பவே வந்திருந்தா நிறையச் செஞ்சிருக்கலாம். இப்பவும் ஆபரேஷனுக்குப் பேர் எழுதி வைக்கிறேன். ஆனா வரிசை நீளம். மெஷின் மாட்டிப் பாக்கலாம். பேச்சு வரும்னு மட்டும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

பஸ்ஸில் திரும்பும்போது குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதன் அதிர்வில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது. பாதி வழியில் அவன் வாயைத் திறந்தான்.

“பேக்கிங்குக்கு வான்னு உன்னைக் கூப்பிட்டது நான்தானே.”

“நானாத்தான் வந்தேன்.”

“இல்லை. வீட்டுல சும்மா இருக்கியே, வாயேன்னு நான்தான் சொன்னேன். எனக்கு ஞாபகம் இருக்கு.”

பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பட்டறைக் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தான். அவள் அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். அது ஆறுதலா, மெதுவாகப் பேசச் சொன்னதா என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் அவன் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

காதுக்கு மெஷின் வந்தது. குழந்தை அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தது. மாடி வீட்டு டீச்சர், பட்டறைச் சத்தத்தால்தான் காது போயிற்று என்று ஒரு மனு எழுதலாம், நான் எழுதித் தருகிறேன் என்றாள். டாக்டர் சொல்லாததை நாம் எப்படிச் சொல்வது என்று காஜாக்கா மறுத்துவிட்டாள். அவளுக்கு அதில் ஒட்டுதலே போய்விட்டது. ஆனால் அவள் விட்டாலும் நோட்டும் கையெழுத்தும் விடவில்லை. அவை அலுவலகத்தில் மேஜை மேஜையாக நடந்து, கடைசியில் உத்தரவாக வந்து சேர்ந்தன. ஆறு மாதத்துக்குள் சத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டு.

பட்டறை மூடவில்லை. முதலாளி எங்கிருந்தோ ஒரு இன்ஜினியரை வரவழைத்தார். கம்ப்ரஸரைப் பின்பக்கம், வயல்வெளியைப் பார்த்தாற்போல் மாற்றினார்கள். மாமனாரைச் சுற்றி நுரைப்பலகை வைத்துத் தகட்டால் ஓர் அறை எழுப்பினார்கள். பிரஸ்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கனமான ரப்பர் கட்டைகளைக் கொடுத்தார்கள். மாமனாரின் வளைவு சுளிவு தெரிந்தவன் என்பதால் அந்த வேலைக்கு அவனையே போட்டார்கள். ரப்பரை வைத்து இறக்கி, மட்டம் பார்த்து, நட்டு முடுக்கியதெல்லாம் அவன் கைதான். பூட்டு போடுவார்கள் என்று பயந்தவர்கள் இப்போது அவனிடம் மறுபடி டீ நீட்டினார்கள்.

தெரு மாறிப்போனது. வாட்ச் ரிப்பேர்காரர் கடிகாரத்தைக் காதில் வைத்துக்கூடப் பார்க்காமல் நோய் சொன்னார். காவலாளி பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார், அந்தக் குறட்டை நாலு வீட்டுக்குக் கேட்டது. பத்து வருஷமாகப் புருஷன் இவ்வளவு பேசுகிறவன் என்று தெரியாமல் போயிற்றே என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். கையெழுத்துப் போட மறுத்தவர்களெல்லாம் காஜாக்காவை வழியில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேர் சொல்லி, வாய் நிறையக் கூப்பிட்டார்கள்.

ரப்பர் வைத்து முடித்த மறுநாள் காலை குழந்தை எழுந்து, வழக்கம்போல் கையைத் தரையில் வைத்தது. கொஞ்சம் தள்ளிப்போய் வைத்தது. சுவரில் வைத்தது. கதவு நிலையில், அலமாரியில், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்துப் பார்த்தது. எங்கும் ஒன்றும் இல்லை. கன்னத்தைத் தரையோடு ஒட்டிப் படுத்துக் காத்திருந்தது. பிறகு அம்மாவிடம் வந்து, அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தரையில் வைத்து, முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அவள் என்ன சொல்வாள்? எந்தக் கைப்பாஷையில் சொல்வாள்? ஷிஃப்ட் முடிந்து வந்தவனிடம் அவள் அதைச் சொன்னபோது அவன் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனான். மாமனாரின் இரும்புக் காலை ஒருதரம் தொடவைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சூப்பர்வைசரிடம் கேட்டான். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. முன்பென்றால் யார் கேட்கப்போகிறார்கள், இப்போது எப்போது யார் சோதனைக்கு வருவார்கள் என்று தெரியாது, குழந்தையை உள்ளே விட்டதாகத் தெரிந்தால் என் வேலை போய்விடும் என்றார். அவன் வாசலிலேயே திரும்பிவிட்டான்.

குழந்தை அழ ஆரம்பித்தது அப்போதுதான். அழுகை என்றும் சொல்ல முடியாது. தொண்டையின் அடியிலிருந்து வருகிற ஒரு கூச்சல், ஏற்ற இறக்கம் இல்லாமல், மூச்சு தீரும்வரை. முன்பும் எப்போதாவது அழுதபோது அது இப்படித்தான் கத்தியிருக்க வேண்டும். மாமனாரின் சத்தத்தில் யாருக்கும் கேட்டதில்லை.

மறுஅளவு எடுக்க மீட்டர்காரர் வந்தார். அதே முக்காலி, அதே நுரைப்பந்து. குழந்தை தூங்கிக்கொண்டிருந்த நேரம். முன்பு சராசரி எழுபத்தெட்டு வந்த இடத்தில் இப்போது ஐம்பத்திரண்டு வந்தது. அவர் முகத்தில் ஒரு திருப்தி. இருபது வருஷ வேலையில் இப்படி முடிந்தவை இரண்டோ மூன்றோதான் என்றார். புகார் செய்தவர் கையெழுத்துப் போட்டால் கோப்பை முடித்துவிடலாம் என்று படிவத்தை நீட்டினார்.

“விடாம நின்னீங்கம்மா. தெருவுக்கே நல்லது பண்ணியிருக்கீங்க. பாப்பா எப்படி இருக்கா?”

“இருக்கா.”

குறை தீர்ந்தது என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, பரீட்சைக்குப் படிக்கிற அவன் தங்கை. அமைதியான தெரு என்று கேள்விப்பட்டுத் தேடி வந்தவர்கள். வந்த பத்தாம் நாள் அந்தப் பெண்டாட்டி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கதவைத் தட்டினாள். கதவு தட்டினால் கேட்கிற தெரு இப்போது அது.

“தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா. பாப்பா நிலைமை எல்லாரும் சொன்னாங்க. என்னவோ, அது கத்துறது சுவரைத் தாண்டி அப்படியே வருது. எங்க நாத்தனார் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வீடு முழுக்க அலையுறா. ஜன்னலையாவது கொஞ்சம் சாத்தி வச்சீங்கன்னா…”

“சரிம்மா,” என்றாள் காஜாக்கா. பழத்தை வாங்கிக்கொண்டாள். வேறு யாரும் கேட்கவில்லை என்றாலும், மாடியில் டீச்சர் சில நாளாக ரேடியோவைச் சத்தமாக வைப்பதை அவள் கவனித்திருந்தாள்.

அவன் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. வீட்டின் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. உள்ளே குழந்தை கத்திக்கொண்டிருந்தது. இந்தப் புழுக்கத்தில் எதற்குச் சாத்தினாய் என்று கேட்டான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவனுக்குக் கேட்காது என்பதால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் கேட்பார்களே என்று பாதியில் குரலைத் தாழ்த்தினாள். மீதியை அவன் அவள் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

வெளியே போனான். கால்மணி நேரத்தில் பட்டறையின் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். மாமனாருக்குக் கட்டிய அறையில் மிஞ்சிப்போன நுரைப்பலகைகள், ஒரு சுருள் ரப்பர், கொஞ்சம் சட்டக் கட்டைகள். வாசலில் இறக்கி வைத்தான். குழந்தை படுக்கிற அறைக்குள் போய், சுவரின் நாலு பக்கமும் பார்த்தான். எங்கே ஆரம்பிக்க வேண்டும், மூலையை எப்படி அடைக்க வேண்டும், கதவடியில் என்ன கொடுக்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குழந்தை அறை நடுவில் நின்று, அப்பாவைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது.

பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, ஒரு நுனியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.